உட்கார்ந்து பார்த்தால் தெரியும்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஆச்சிமார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே திருத்திவிடுங்கள், எழுந்து வரவேண்டாம், முழங்கால் படுத்தும் பாடு எனக்கும் தெரியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கோடை விடுமுறையும் விருந்து மேசை அலங்காரமும். போனில் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், செட்டிநாட்டில் எங்கள் ஆயா, பாட்டியைத்தான் சொல்கிறேன், அவர்கள் வீட்டில் மேசையில் யார் சாப்பிட்டார்கள்? மேசை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. முகப்பைத் தாண்டியதும் பர்மாத் தேக்கில் எட்டுப் பேர் உட்காருகிற நீள மேசை, அதற்கு எதிரே பெல்ஜியம் கண்ணாடி. ஐயாவின் அப்பச்சி, தாத்தாவின் அப்பா, ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்த காலத்தில் வந்ததாம், துரைமார்கள் யாராவது வந்தால் உட்காரவைக்க. எனக்கு விவரம் தெரிந்து ஒரு துரையும் வரவில்லை. மே மாதத்தில் அதன்மேல் வைக்கோலைப் பரப்பி மாம்பழம் பழுக்கப் போட்டிருப்பார்கள், அடியில் நாங்கள் தாயம் ஆடுவோம். எங்கள் மேசை அலங்காரம் அவ்வளவுதான், ஆனால் வாசனைக்குக் குறைவில்லை.

நான் சொல்வது எழுபதுகளில். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே எழும்பூரில் ரயிலேறிவிடுவோம். அப்போது மீட்டர் கேஜ். ஜன்னலோரம் உட்கார அடித்துக்கொண்டு, விடியும்போது பார்த்தால் எல்லார் கண்ணிலும் கரித்துகள். புதுக்கோட்டை தாண்டினால் ஆத்தா, எங்கள் அம்மா, எங்களை உலுக்கி எழுப்பித் தலைவாரிவிடுவார்கள், செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கும்போது பட்டணத்துப் பிள்ளைகள் பரட்டைத் தலையோடு வந்தார்கள் என்று யாரும் சொல்லக்கூடாதாம். காரைக்குடி வரை போகாமல் அங்கேயே இறங்கி, மாட்டு வண்டியில் ஊர்.

வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே வீடுதான், ஆனால் கல்யாணமான ஒவ்வொரு சோடியும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனி அடுப்பு. அதனால் சாதாரண நாளில் நாலு அடுப்பில் நாலு சமையல் நடக்கும், எந்த அடுப்பில் கும்மாயம் கிண்டுகிறார்கள் என்று மோப்பம் பிடித்து அந்தப் பக்கம் போய் நிற்பதுதான் எங்கள் காலை வேலை. மத்தியானம் வெயில் ஏறினால் பட்டாலைக் கல்தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், விசிறி வேண்டாம். மாடியில் காயும் வடகத்துக்குக் காக்காய்க் காவல் முறை வைத்துப் போகும். என் முறையில் காக்காய் கொத்தியதைவிட நான் தின்றது அதிகம், பாதி காய்ந்த இலைவடகத்தின் ருசி அப்படி.

அந்த நாலு அடுப்பும் ஒன்றாகிற நாள்தான் விசேஷம். எனக்குப் பத்து வயது. அந்த வைகாசியில் ஐயாவுக்கு அறுபது நிறைந்து சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஊரே வந்து இறங்கிவிட்டது.

முதல் நாள் இரவு நடுவீட்டுக் கோலம். இப்போது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறீர்களே, அது இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, அம்மியில் கூழாக வழித்து, அதில் வெள்ளைத் துணியை நனைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெல்லப் பிழிந்தால் மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். கை நகர்கிற வேகமும் பிழிகிற வேகமும் ஒன்றாக இருந்தால்தான் கோடு சீராக வரும். நின்றால் பொட்டு விழுந்துவிடும். ஆயா குத்தவைத்து உட்கார்ந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, ஸ்கேல் வைத்த மாதிரி கோடு கோடாக இழுத்து நாலு பக்கமும் மூடுவார்கள். போடும்போது ஈரத்தில் ஒன்றும் தெரியாது, சாம்பலாக இருக்கும். காலையில் எழுந்துபோய்ப் பார்த்தால் காய்ந்து பளீரென்று வெள்ளை. நான் ஒரு முறை கேட்டு வாங்கிப் போட்ட கோடு வழியெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே போனது. ஆயா அதை அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து மறைத்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டாங்கட்டில், வீட்டின் இரண்டாவது முற்றத்துப் பக்கம், பந்தி. கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றி வார்ப்பதால் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் அப்படியே இறங்கியிருக்கும். அதுதான் எங்களுக்கு மேசை விரிப்பு, பூவும் கொடியும் ஏற்கனவே போட்டாயிற்று. அதன்மேல் ஆளுக்கொரு தடுக்கு. தடுக்கு தெரியும்தானே, பனையோலையில் சாயம் போட்டுப் பின்னியது, ஓர் ஆள் உட்காருகிற அளவு. பெரியவர்களுக்கும் சம்பந்தகாரர்களுக்கும் நுனி இலை, எங்களைப் போல வாலுகளுக்கு நுனி இல்லாத ஏடு. இலை போடுவது பிள்ளைகள் வேலை. அடுப்பு வேலைக்கு ஆகாது, பரிமாறக் கொடுத்தால் கொட்டும், இலைதான் எங்களுக்குச் சரி என்று யாரோ புத்திசாலித்தனமாக முடிவு செய்திருக்கிறார்கள்.

எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. நானும் அம்மான் மகனும் போட்டி. அவன் இந்த வரிசை, நான் அந்த வரிசை, யார் முதலில் முடிக்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரே பக்கத்திலிருந்து கிளம்பி, அவன் எப்படிப் போடுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அதே திசையில் நுனியை வைத்து மடமடவென்று போட்டு முடித்துவிட்டேன். ஜெயித்தது நான்தான். வாசற்படியிலிருந்து பார்த்தால் இரண்டு வரிசையிலும் எல்லா இலையும் ஒரே பக்கம் நுனி நீட்டிக்கொண்டு பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி அவ்வளவு அழகு.

ஆயா வந்தார்கள். பார்த்தார்கள். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் என் வரிசையில் ஒரு தடுக்கைக் காட்டி, "இதுல உக்காந்து பாரு" என்றார்கள்.

உட்கார்ந்தேன். இலை நுனி என் வலது கைப்பக்கம் இருந்தது.

எதிர் வரிசையில் உட்காருகிறவருக்கு இடம் வலம் மாறும் என்பது நின்று பார்த்த எனக்குத் தோன்றவே இல்லை. நுனி ஏன் இடது பக்கம்? வலது கையால் சாப்பிடுகிறோம், சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைய அகலமான பக்கம் கைக்கு நேராக இருக்கவேண்டும். குறுகலான நுனியில் உப்பு, ஊறுகாய் என்று தொட்டுக்கொள்கிறவை இருந்தால் போதும். சாஸ்திரம் என்று எதை எதையோ சொல்வார்கள், எனக்கு இந்தக் காரணம் போதும். அப்புறம் என்ன, முப்பது இலையையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன், ஒவ்வொரு தடுக்கிலும் உட்கார்ந்து எழுந்து. முதல் பந்தி காத்திருந்தது. அம்மான் மகன் தூணில் சாய்ந்துகொண்டு எண்ணினான்.

அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்லமாட்டேன். வெள்ளைப் பணியாரம் இருந்திருக்கும், கவுனி அரிசி இருந்திருக்கும், இல்லாமல் இருக்குமா? ஆனால் அந்தத் தடுக்கின் சொரசொரப்பு தொடையில் குத்தியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறையில் எதைத் தின்னக் கொடுத்தோம் என்பதைவிட எந்த வேலையைக் கொடுத்தோம் என்பதுதான் தங்குகிறதோ என்னவோ.

இப்போது விருந்து அலங்காரம் என்று வீடியோ போடுகிறார்கள், நானும் பார்க்கிறேன். உருளியில் பூ, நடுவில் குத்துவிளக்கு, சுற்றிலும் சாமந்தி, ஓலைக் கொட்டானில் குங்குமச்சிமிழ். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் மேலேயிருந்து படம் எடுப்பதற்காக வைத்தது. உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் உருளி மறைக்கும், கையை நீட்டினால் விளக்கு சுடும். என் மகள் வீட்டு மேசையில் ஒரு தீபாவளிக்கு அப்படி வைத்து, ரசம் கேட்ட மாப்பிள்ளைக்கு ரசத்தைச் சுற்றுவழியில் அனுப்பவேண்டியதாயிற்று. நம் ஊரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன, சந்தோஷம், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், முகப்பில் நின்று மேலே விட்டத்தைப் படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். இரண்டாங்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

எங்கள் வீடும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதைக்கூட சென்னையிலேயே முடித்துக்கொள்கிறோம். ஆனால் போன மே மாதம் எப்படியோ பங்காளிகள் எல்லோரும் தேதி ஒத்துக்கொண்டு வந்துவிட்டோம். தரையில் உட்கார முடிந்தவர்கள் மொத்தம் ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள். சரி என்று சமையல்காரரே மடக்கு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து இரண்டாங்கட்டில் எதிரெதிராகப் போட்டார், மேலே பேப்பர் ரோல். பார்க்கச் சகிக்கவில்லை. இலை மட்டும் வாழை இலை.

என் பேத்திக்கு எட்டு வயது. இலை போடும் வேலையை அவளிடம் கொடுத்து, இந்தக் கதையையும் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனவள், ஒவ்வொரு நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்து, இறங்கி, அடுத்ததற்குப் போனாள். எல்லாருக்கும் நுனி இடது பக்கம், ஒன்றும் பிசகவில்லை. கடைசியாகத் தன் இடத்துக்கு வந்தாள். உட்கார்ந்தாள். இலையை எடுத்து நுனியை வலது பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் சின்னாத்தா ஒருவர் பதறிப்போய், "அடியே, மாத்திப் போட்டிருக்கே" என்றார்.

"உக்காந்து பாத்துட்டேன், எனக்கு இப்படித்தான் சரியா இருக்கு" என்றாள். இடது கைக்காரி.

இடது கையால் சாப்பிடலாமா என்று ஆரம்பிக்கச் சின்னாத்தா வாயைத் திறந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆயாவை நினைத்துக்கொண்டு தண்ணீர் தெளிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அதற்குள் உப்புக் கிண்ணத்தோடு வந்த பரிமாறுகிறவர் அவள் இலைக்கு முன்னால் நின்று, ஒரு கணம் யோசித்துவிட்டு, அவளிடமே கேட்டார்: "உப்பை எந்த மூலையில வைக்க, ஆச்சி?"