முதல் படமும் ஃபேன் சத்தமும்

(சொந்தமாகப் படம் எடுக்க நினைக்கிறவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு கதை இருக்கும். மீதிப் பேர் கையில் கேமரா விலைப்பட்டியல் இருக்கும். பட்டியல்காரர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: அதை மடித்துப் பையில் வையுங்கள். இன்றைக்கு ஒரு நல்ல கைபேசி எடுக்கிற படம் போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால், "வேணும்னே அப்படி எடுத்திருக்காங்க போல" என்று ஜனங்கள் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள். வசனம் புரியவில்லை என்றால் விடமாட்டார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் "என்னல சொன்னான்?" என்று பக்கத்து ஆளைக் கேட்பார்கள், பத்தாவது நிமிஷத்தில் எழுந்து போவார்கள். காசில்லாத படத்தைக் கொல்வது பெரும்பாலும் சத்தம்தான். அதனால் இன்றைக்குப் பாதிப் பேச்சு சத்தத்தைப் பற்றி.

"டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்பது நம் ஊரில் பழகிய பதில். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு டப்பிங் என்றால் ஸ்டுடியோ வாடகை நாள்கணக்கில் ஏறும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. உங்கள் நடிகர்கள் தெரு ஆட்கள், சொந்தக்காரர்கள். ஸ்பாட்டில் "என்ன அண்ணாச்சி, சாப்ட்டியளா?" என்று கேட்டவர், இருட்டறையில் ஹெட்போன் மாட்டித் தன் உதட்டைத் தானே துரத்தும்போது அதே வார்த்தையைப் பள்ளிக்கூட மனப்பாடம் மாதிரி ஒப்பிப்பார். "பைய வால" என்பதில் இருக்கிற இழுவை அந்த அறையில் பிறக்காது. நெல்லைப் பேச்சுக்காகவே நெல்லையில் படம் எடுக்கிறோம் என்றால், அது வாயிலிருந்து வந்த இடத்திலேயே பதிவாக வேண்டும். நேரடி ஒலிதான் வழி.

அதற்கு முதல் வேலை, இடம் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. எந்தக் கிழமை, எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறீர்களோ அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். ரெக்கார்டரில் பத்து நிமிஷம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். காது பழகிப்போன சத்தத்தையெல்லாம் மைக் தனியாக எடுத்துக் காட்டும். நம் பக்கத்துச் சத்தங்களுக்கு ஒரு பஞ்சாங்கமே போடலாம். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா. செவ்வாய், வெள்ளியில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் இரண்டு கிலோமீட்டருக்கு வசனம் கிடையாது. மார்கழியில் விடியற்காலை போச்சு. ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரலோடு வருகிற காற்று மைக்கில் புயலாக விழும். அதே மாதங்களில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பனங்காட்டில் எடுப்பது அழகு. ஆனால் காய்ந்த ஓலை உரசுவது வசனத்தின் மேலேயே விழும். அங்கே பேச்சில்லாத காட்சி வையுங்கள். மயிலுக்கு மட்டும் மருந்து கிடையாது. அது கத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

இனி வீட்டுக்குள் வாருங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மாவும் மகனும் பேசுகிற காட்சி. ஃபேனை நிறுத்துங்கள். சோக்கு வைத்த பழைய ட்யூப்லைட்டையும் நிறுத்துங்கள், அது முனகும். ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள், ஆனால் வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போடுவீர்கள். இல்லையென்றால் வீட்டுக்காரம்மாவின் மாவும் பாலும் கெட்டு, நாளைக்கு வீடு கிடைக்காது. சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். பத்தமடைப் பாயை மாட்டினால் கொஞ்சம் உடையும், ஆனால் பாய் மெல்லிசு, சத்தத்தைக் குடிக்காது. ஜமுக்காளமும் மெத்தையும்தான் குடிக்கும். ஃப்ரேமுக்கு வெளியே இரண்டு சுவரில் தொங்கவிட்டு, தரையில் ஒன்று விரித்துவிட்டால் அறை அடங்கிவிடும்.

மைக் ஃப்ரேமின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் தலைக்கு மேலே ஒன்றரை அடியில் நிற்க வேண்டும். அதன் மூக்கு நெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும். எட்டு அடி தள்ளிக் கேமரா மேல் உட்கார்ந்திருக்கிற மைக்கால், ரெக்கார்டரில் தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு ஒத்துப் பார்ப்பதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை. கணக்கு எளிது: மைக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். தொரட்டி பிடித்து முருங்கைக்காய் பறிக்கத் தெரிந்த எந்தப் பையனும் மைக் மாட்டுகிற நீளக் கம்பை, அதாவது பூமை, பிடிப்பான். கை வலிக்காமல் ஐந்து நிமிஷம் நிற்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மைக்கைக் கம்பில் நேராகக் கட்டாதீர்கள், விரல் நகர்வது இடி மாதிரி விழும். ரப்பர் தொங்கலில் மாட்டுங்கள். வெளியில் என்றால் ரோமக் கவசம் கட்டாயம். வெறும் ஸ்பஞ்ச் நம் காற்றுக்குக் காணாது.

சட்டையில் குத்துகிற காலர் மைக் வைத்தால், மருந்துக்கடையில் கிடைக்கிற காகிதப் பிளாஸ்திரியால் உடம்போடும் துணியோடும் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். மைக்குக்குக் கீழே வயரை ஒரு சுருள் சுற்றி ஒட்டினால் இழுபடும் சத்தம் மேலே ஏறாது. பருத்திச் சேலை பேசாது, நைலக்ஸ் சேலை விடாமல் பேசும். உடை வாங்கும்போதே ஒலிப்பதிவாளரைக் கூட்டிப்போங்கள்.

ரெக்கார்டர் அமைப்பில் பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். சாதாரணப் பேச்சு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்ததும், யாரும் அசையாமல் ஒரு நிமிஷம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வசனத்துக்கு நடுவே வெட்டுகிற ஓட்டைகளை அந்த வெறுமையால்தான் அடைக்க முடியும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் பொத்து பொத்தென்று விழுவது கேட்கும்.

கைபேசியில் எடுக்கிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அதிலேயே வருகிற கேமரா ஆப், வெளிச்சம் குறைந்தால் தானாகவே ஃப்ரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, மாற்றும். காட்சித் தொடக்கத்தில் அடிக்கிற கிளாப்பில் ஒலியும் படமும் கச்சிதமாகச் சேரும். மூன்றாவது நிமிஷத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போய்விடும். ரெக்கார்டரைத் திட்டாதீர்கள். ஃப்ரேம் வேகத்தைப் பூட்டி வைக்கிற ஆப்பில் எடுங்கள். ஏற்கனவே எடுத்துத் தொலைத்திருந்தால், ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் மாறாத வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டில் போடுங்கள்.

படம் பற்றிச் சுருக்கமாக. தியேட்டருக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். 1/60 வைத்தால் சுவரில் கோடு கோடாக அலையும். வெயிலில் 1/50 வைக்க முடியாமல் படம் வெளுக்கும். அதற்காக ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நடை வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸ் முன்னால் ஒரு என்டி ஃபில்டர் போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். சித்திரை பிறக்கிற வாரத்தில் சூரியன் மத்தியானம் நெல்லைக்கு நேர் உச்சியில் நிற்கும், கண்குழியெல்லாம் கறுத்துவிடும். எட்டு முழ வேட்டியை நான்கு கம்பில் கட்டித் தலைக்கு மேல் பிடித்தால் வெயில் பஞ்சாகும். கீழே ஒரு தெர்மாக்கோல் பலகை வைத்தால் கண் திறக்கும். அந்த வெயிலில் கைபேசி சூடேறி அணைந்துபோகும். அதை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும். குடைக்குள் வைத்தால் போதும். தேரிக்காட்டுச் செம்மண்ணில் மட்டும் லென்ஸ் கழற்றாதீர்கள்.

இனி நாள் கணக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்றால் 90 பக்கம். 15 நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 6 பக்கம். காலை ஒரு இடம், மாலை ஒரு இடம் என்று ஓடினால் 6 பக்கம் வராது. மூட்டை கட்டி அவிழ்ப்பதிலேயே இரண்டு மணி நேரம் போகும். ஆகவே கதையை ஐந்து இடத்துக்குள் எழுதுங்கள். அதிலும் வயல் இருந்தால் உஷார். கார் நெல்லானாலும் பிசான நெல்லானாலும் வாரத்துக்கு வாரம் உயரமும் நிறமும் மாறும். முதல் நாள் முழங்கால் அளவு நின்ற பயிர் பத்தாம் நாள் அதே உரையாடலில் தொடையைத் தொடும். வயல் காட்சிகளை அடுத்தடுத்த இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். தாமிரபரணியும் அப்படித்தான். பாபநாசம் அணையில் தண்ணீரைத் திறந்தால், நேற்று நடிகர் உட்கார்ந்த படித்துறைப் படி இன்றைக்கு ஆற்றுக்குள் இருக்கும்.

பணம் எங்கே போக வேண்டும்? பன்னிரண்டு பேர், ஆளுக்குச் சாப்பாடு டீயெல்லாம் 250 ரூபாய், 15 நாள்: 45,000. இதில் கை வைக்காதீர்கள். சம்பளம் தராமல் கூட்டி வந்தவனுக்குச் சோறும் சரியாகப் போடவில்லை என்றால் ஆறாம் நாள் அவனுக்கு வேறு சோலி வந்துவிடும். அடுத்தது ஒலிப்பதிவாளர், காசு கொடுத்துக் கூட்டி வர வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அடுத்தது ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு எட்டு மடங்கு எடுத்தால் 12 மணி நேரம், 540 ஜிபி. ஆகவே ஒரு டெராபைட் டிஸ்க் மூன்று. ஒன்று எடிட்டருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வீட்டு அலமாரிக்கு. இரண்டு பிரதியைத் திறந்து ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அழிக்கவே கூடாது.

காகித வேலை சலிப்பானது, ஆனால் தணிக்கைச் சான்றிதழ் நேரத்தில் கழுத்தைப் பிடிப்பது இதுதான். 14 வயதுக்குள் குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆடு, மாட்டை நடிக்க வைத்தால் விலங்குகள் நல வாரியத்துக்கு எடுப்பதற்கு முன்பே எழுத வேண்டும். எடுத்து முடித்துவிட்டுப் போய் நின்றால் அந்தக் காட்சி வெட்டுதான். முக்கூடல், கடையம் பக்கம் மடியில் பீடித் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பது இயல்பான காட்சி. ஆனால் விதி புகைப்பதற்கு மட்டுமில்லை, புகையிலைப் பொருளைக் காட்டுவதற்கும் சேர்த்துத்தான். படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் எச்சரிக்கைப் படம், அந்தக் காட்சியில் கீழே எச்சரிக்கை வரி, எல்லாம் வரும். ரயில் நிலையத்துக்கு ரயில்வே அனுமதி, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி. கோயிலுக்குள் சும்மா கைபேசியில் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். திருச்செந்தூர் கோயில் வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைபேசிக்கே தடை போடச் சொல்லியிருக்கிறது. கூடங்குளம் பக்கம் ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

டீக்கடைக் காட்சி எல்லாருடைய கதையிலும் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. அங்கே ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பாட்டுக்கு உரிமை உங்களிடம் இல்லை. உரிமை இருந்தாலும் எடிட்டில் ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு தாவும். நிறுத்தியதற்குப் பதிலாக அண்ணாச்சியிடம் பன்னிரண்டு வடை வாங்கிவிடுங்கள். நடித்தவர், இசையமைத்தவர், வீடு கொடுத்தவர் எல்லாரிடமும், சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், ஒரு பக்க ஒப்புதலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். படம் பேசப்பட ஆரம்பித்த பிறகு உறவு முறை மாறும்.

எடிட்டுக்கும் கலருக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். தியேட்டர் புரொஜெக்டரில் ஓடுகிற கோப்பு வடிவமான டிசிபி செய்ய டிசிபி-ஓ-மேட்டிக் இருக்கிறது, அதுவும் இலவசம். தணிக்கைக்கு விண்ணப்பம் இணையத்தில்தான். நம் பக்கத்துக்குச் சென்னை மண்டல அலுவலகம். 1952 திரைப்படச் சட்டத்தை 2023-இல் திருத்திய பிறகு சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, குழந்தைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யுஏ-வும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

ஒலிக்கலவையை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் காட்சி போடுகிற தியேட்டரில், காலைக் காட்சிக்கு முன்னால் படம் ஓட்டுகிற கேபின்காரரிடம் கேட்டுப் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். கடைசி வரிசை ஓரத்தில் உட்காருங்கள். அம்மாவும் மகனும் பேசுகிற அந்தக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். ஃபேன் ஓடுவது கேட்டால், அது தியேட்டர் ஃபேனா உங்கள் ஃபேனா என்று முதலில் எழுந்து போய்ப் பாருங்கள்.

கேள்விகள் கேட்கலாம். கேமரா விலை பற்றிய கேள்விகளைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன்.