அன்று இராத்திரியிலே

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். கிறிஸ்தவ வாழ்வில் நன்றியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால், வசனத்துக்கு முன்னால் ஒரு தகர டப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறது.

தென்மாவட்டத்துச் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசி என்றால் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருக்கு. சேர்ந்ததும் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும். வீட்டில் அரிசி தாராளமாக இருக்கிறதா என்று பார்த்துப் போடுகிற பழக்கம் கிடையாது. கடன் வாங்கிய அரிசியிலிருந்தும் ஒரு பிடி போகும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் இருக்கிற என் அத்தை வீட்டில் அதற்கென்று ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. மூடி துருப்பிடித்து, திறக்கும்போது கிறீச்சென்று கத்தும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு எட்டே நாள். நட்சத்திரம் கட்டியாயிற்று, வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. நூற்றுக்கணக்கான பயணிகள் ஏறக்குறைய இரண்டு நாள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், தாங்களே தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு, இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள்.

அத்தை வீட்டில் முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், பிறகு இடுப்பு. அத்தை வீட்டுக்கு மாடி கிடையாது. பக்கத்து வீட்டுக்கு உண்டு. ஆனால் அந்த வீட்டோடு பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுச்சுவர் யாருடையது என்கிற தகராறு. இருட்டில், டார்ச் வெளிச்சத்தோடு, அந்த வீட்டு அம்மாவின் சத்தம் கேட்டிருக்கிறது: “யக்கா, மேல ஏறி வாங்க, சீக்கிரம்!” அத்தை ஏறினார். இரண்டு ராத்திரி அங்கேதான்.

தண்ணீர் வடிந்த பிறகு வந்த முதல் அரிசி நிவாரண அரிசி. யாரோ முகம் தெரியாதவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஐந்து கிலோ பை. நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கு, சேறு வழித்த அடுக்களையில் உட்கார்ந்து அத்தை அதை அளந்துகொண்டிருந்தார். ஒரு பிடி எடுத்து, கழுவிக் காயவைத்திருந்த அந்த டின்னில் போட்டார். “தர்மத்துக்கு வந்த அரிசியிலயுமா அத்தை?” என்று கேட்டேன். “அரிசின்னா அரிசிதாம்ல” என்றார். அவ்வளவுதான்.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதின கடிதத்தில் ஒரு வரி உண்டு. திருவிருந்து ஆராதனையில் நாம் எத்தனையோ தடவை கேட்டிருப்போம்: “கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி, அதைப் பிட்டு…” ஸ்தோத்திரம் என்றால் நன்றி. சிறு வயதிலிருந்து கேட்ட வரி என்பதால் காதில் வழுக்கிப் போய்விடும். நானும் நின்று கவனித்தது அந்த டிசம்பருக்குப் பிறகுதான். ஐந்தப்பத்தால் ஐயாயிரம் பேர் திருப்தியான நாளிலும் இயேசு ஸ்தோத்திரம் செய்தார். ஆனால் சபை இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ராத்திரியை. அவரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் எழுந்து போன ராத்திரி. கையில் இருந்தது ஒரு அப்பம். காரியம் எப்படி முடியப்போகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் ஸ்தோத்திரம், பிறகு பிட்டுக் கொடுத்தல். அந்த விருந்துக்குக் கிரேக்கத்தில் வழங்குகிற பெயரே ‘நன்றி செலுத்துதல்’ என்பதுதான்.

“எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதில் அந்த ‘லேயும்’ எனக்கு முக்கியம். வெள்ளத்துக்காக நன்றி சொல் என்று அது என்னைக் கேட்கவில்லை. வெள்ளத்துக்கு நடுவிலே சொல் என்கிறது. எபேசியருக்கு எழுதும்போது ‘எல்லாவற்றுக்காகவும்’ என்றும் சொல்லியிருக்கிறாரே என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்த வசனம் எனக்கு இன்னும் எட்டவில்லை. நான் இன்னும் ‘லேயும்’ என்பதிலேயே தடுமாறிக்கொண்டிருக்கிற ஆள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மச்சானுக்குப் பொங்கலுக்கு வெட்டுகிற பருவத்தில் வாழை நின்றது. ஒரு தார் மிஞ்சவில்லை. அவரிடம் போய் ஒருவர், “எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்தவன் வாயிலிருந்து நன்றியைப் பிடுங்குவது ஊழியமாகாது. வேதாகமத்தில் பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” கடைசி வசனத்தில்தான் “அவரைப் பாடுவேன்” என்று முடிகிறது. நடுவில் எத்தனை நாள் போயிற்று என்று தாவீது எழுதி வைக்கவில்லை. முதல் வசனத்தில் நிற்கிறவனை ஆறாவது வசனத்துக்குத் தள்ளிவிட நமக்கு உரிமை கிடையாது.

மச்சான் அந்த வருஷக் கடைசி ஆராதனைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சில வாரம் கழித்து என்னை விளைக்கு, அதாவது வாழைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் சீக்கிரம் வடிந்த மேட்டுப் பக்கத்தில், சாய்ந்த வாழையின் அடிக்கட்டை நாலைந்தில் பக்கக்கன்று குருத்து விட்டிருந்தது. குனிந்து ஒன்றைத் தொட்டுக் காட்டி, “இது கெடக்கு” என்றார். அவர் சொன்ன ஸ்தோத்திரம் அது. நான் ஆமென் சொன்னேன், மனசுக்குள்ளே.

அந்த வருஷக் கடைசி ஆராதனையில் கோவில் பெஞ்சுகளில் சேற்று வாடை போகவில்லை. ஸ்தோத்திர காணிக்கை உறைகளை ஐயர், அதாவது சபைப் போதகர், ஒவ்வொன்றாக வாசித்தார். சுகம் கிடைத்ததற்காக, உயிர் பிழைத்ததற்காக, பிள்ளைகள் பத்திரமாக இருப்பதற்காக. அப்புறம் ஒரு உறையை எடுத்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டாவது தடவை பார்த்தார். “பக்கத்து வீட்டு மாடிப்படிக்காக. பத்து ரூபாய்.”

ஆண்டவருக்குச் சொல்வது அத்தைக்குச் சுலபமாக இருந்தது. எழுதி உறையில் போட்டால் போதும். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லத்தான் இன்னும் மூன்று வாரம் பிடித்தது. கிழங்கு சீசன் வந்ததும், அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றிருக்கிறார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல. கிழங்கைக் கொடுத்தேன்” என்றார்.

சுவர்த் தகராறு இன்னும் தீர்ந்தபாடில்லை. போன மாதம் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனார். அவருக்கு இரண்டு வீட்டிலிருந்தும் டீ வந்ததாம். எதைக் குடிப்பது என்று மனுஷன் முழித்தாராம்.

வணக்கம்.