வாரத்துக்கு ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல்லைக் கொடுத்து, "இதை வைத்து நாலு வரி எழுதிக்கொண்டு வா" என்று சொல்வது தமிழில் புதுப் பழக்கம் இல்லை. காளமேகப் புலவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முருகனைப் பாட வேண்டும், ஆனால் பாட்டு செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடிய வேண்டும் என்று யாரோ வம்புக்குக் கேட்டார்களாம். அவர் சளைக்காமல் பாடிக் காட்டினார். 'செருப்புக்கு' என்று தொடங்கி, அதை இரண்டாக உடைத்தார். 'செரு' என்றால் போர், 'புக்கு' என்றால் புகுந்து. போருக்குள் புகுந்து வீரர்களைக் கலக்கும் வேலன் என்று பாட்டு எழுந்துவிட்டது. விளக்குமாறு, 'விளக்கிச் சொல்லும் விதம்' ஆகிவிட்டது.

கொடுத்த சொல்லை அவர் பாட்டின் ஓரத்தில் ஒட்டவைக்கவில்லை. அந்தச் சொல்தான் பாட்டையே தூக்கி நிறுத்துகிறது. வாரம் ஒரு சொல் வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக எழுதி, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுகிற விளையாட்டுக்கும் இதுவே உயிர். எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த வாரத்துச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போடுங்கள். கதை அசையாமல் நின்றால், நீங்கள் அந்தச் சொல்லை இன்னும் தொடவே இல்லை என்று அர்த்தம்.

இந்த விளையாட்டுக்கு எட்டுப் பேர் போதும். பதினைந்துக்கு மேல் போனால் எல்லாருடையதையும் யாரும் படிக்கமாட்டார்கள். நூலகத்து வாசகர் வட்டமாக இருக்கலாம், பழைய வகுப்புத் தோழர்களாக இருக்கலாம், காட்பாடியில் ஒருவர், குடியாத்தத்தில் ஒருவர், சென்னைக்கு வேலைக்குப் போனவர் ஒருவர் என்று செல்போனில் சேர்ந்தவர்களாக இருக்கலாம். திங்கள் காலை சொல் வரும். சனிக்கிழமை இரவு எழுத்து வர வேண்டும். ஞாயிறு படிப்பது. எழுத உட்கார்ந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் இழுத்தால் விளையாட்டு வீட்டுப்பாடமாக மாறிவிடும், மூன்றாவது வாரத்தில் ஆள் குறையும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கொடுக்கும் சொற்கள் காதல், வாழ்க்கை, நம்பிக்கை, அம்மா. நல்ல சொற்கள்தான், ஆனால் இவற்றைக் கொடுத்தால் பத்துப் பேரும் ஒரே கவிதையை எழுதுவார்கள். கையால் தொடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாசலும் இருக்க வேண்டும். நம் வேலூருக்கென்றே வாய்த்த சொல் ஒன்று இருக்கிறது: கத்திரி. தையல்காரர் கையில் இருப்பது கத்திரி. மே மாதம் நம்மை வாட்டுவது கத்திரி. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்திரியும் கத்திரிதான். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதைப்போல இருக்காது. மூன்றையும் ஒரே கதைக்குள் கொண்டுவருகிறவரும் இருப்பார்.

இரண்டு சொல் கொடுப்பது இன்னொரு வழி. அகழி, டிபன் கேரியர். இவை இரண்டும் எந்த வரியிலும் சேர்ந்து வந்திருக்காது. கோட்டை அகழிக்கரையில் யாரோ உட்கார்ந்து சாப்பிடுவது உடனே கண்ணில் தெரிகிறது. அந்த ஆள் யார் என்று யோசித்தால் கதை வந்துவிடும். இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒற்றைச் சொல்லாகக் 'கணவன்' என்று கொடுத்தால், எங்கிருந்தோ வந்த பழைய ஜோக்கை யாராவது தன் எழுத்துபோல அனுப்பிவிடுவார். அகழியும் டிபன் கேரியரும் வருகிற ஜோக் எங்கும் தயாராகக் கிடைக்காது. ஆனால் இரண்டு சொல்லும் மிக நெருங்கியும் இருக்கக் கூடாது. இட்லி, சட்னி என்று கொடுத்தால் ஓட்டல் மெனுதான் வரும்.

அடுத்தது அளவு. இங்கிலாந்தில் அறிவியல் புனைகதை வாசகர்கள் 1980களில் சரியாக 100 சொல்லில் கதை எழுதும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த நூறை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் கதை நீண்டுவிடும். 'வீட்டுக்குள்ளிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். தமிழில் 50 சொல் தாராளம். எண்ணுவதில் தகராறு வராமல் இருக்க, இடைவெளி விட்டது எல்லாம் தனிச் சொல் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'வந்து கொண்டு இருந்தான்' என்று எழுதியவர், கடைசி நிமிடத்தில் அது மூன்றும் சேர்ந்து ஒரே சொல்தான் என்று வாதாடி 50க்குள் நுழைத்துவிடுவார். இன்னொன்றையும் முதலிலேயே பேசிவைக்க வேண்டும். வேற்றுமை ஏறும்போது தமிழ்ச் சொல் உருமாறும். மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். இவை எல்லாம் அதே சொல்தான் என்று ஏற்றுக்கொள்வதே நல்லது. மாறவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் வாக்கியங்கள் விறைத்துப்போகும்.

ஆறு என்று சொன்னோம் அல்லவா, அதையே ஒரு வாரத்துச் சொல்லாக வைத்துப் பார்ப்போம். நமக்கு ஆறு என்றதும் பாலாறு. எண்ணிக்கையிலும் ஆறு. ஆறு காடுகள் சேர்ந்ததால் ஆற்காடு என்று ஊரில் சொல்வதுண்டு. சோறு ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். ஒருவர் இப்படி எழுதிக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள்:

"பல வருடங்களாக வறண்டு கிடந்த பாலாற்றில் அன்று வெள்ளம் வந்தது. மணி ஆறு என்றார் அப்பா. காபி ஆறுது என்றாள் அம்மா. ஆத்துல தண்ணி வந்திருக்கு என்று தெருவில் யாரோ கத்தினார்கள். அந்த மகிழ்ச்சியில் அனைவரும் ஆற்றைப் பார்க்க ஓடினார்கள்."

மொத்தம் 29 சொல். நடுவில் இருக்கும் மூன்று வாக்கியமும் நன்றாகவே இருக்கின்றன. மணி, காபி, பாலாறு என்று சொல் மூன்று முறை புரண்டு படுக்கிறது. கெடுப்பது முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும். தெருவில் கத்தப்போகிற செய்தியை முதல் வாக்கியமே சொல்லிவிட்டது. கடைசியில் 'மகிழ்ச்சி' என்று எழுதியதும் மகிழ்ச்சி காணாமல் போய்விட்டது. முதல் வாக்கியத்தை அப்படியே வெட்டுங்கள். கடைசிக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைப் போடுங்கள்:

"மணி ஆறு என்றார் அப்பா. காபி ஆறுது என்றாள் அம்மா. ஆத்துல தண்ணி வந்திருக்கு என்று தெருவில் யாரோ கத்தினார்கள். செருப்புகூடப் போடாமல் ஓடினார் அப்பா."

இப்போது 19 சொல். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கும், தண்ணீரைப் பார்க்க ஒருவர் வெறுங்காலோடு ஓடுகிறார் என்றால் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்று புரியும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் விரலால் மறைத்துப் படித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் எல்லாக் குட்டிக் கதைக்கும் பொருந்தும். எழுதுகிறவர் உள்ளே நுழையத் தயங்கும்போது முதல் வாக்கியம் பிறக்கிறது, வாசகர் புரிந்துகொள்ள மாட்டாரோ என்று பயப்படும்போது கடைசி வாக்கியம் பிறக்கிறது. இரண்டும் பெரும்பாலும் தேவைப்படாது.

சொல்லுக்குப் பதில் சில வாரம் அச்சு ஒன்றைக் கொடுக்கலாம். நம் ஊரைப் பற்றி யாரோ சொல்லிவைத்துப் போன வரி எல்லாருக்கும் தெரியும்: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்து சேர்ந்ததும் கடைசித் துண்டு பொய்யாகிவிட்டது. ஆனாலும் வரி வாழ்கிறது, காரணம் அந்த 'இல்லா'. அதை அந்த வாரத்து அச்சாக வைத்து அவரவர் தெருவை, அலுவலகத்தை, பஸ் ஸ்டாண்டை எழுதச் சொல்லுங்கள். நாலு துண்டு போதும். மூன்று துண்டு ஒரே தினுசில் போக வேண்டும், நாலாவது திரும்ப வேண்டும். நாலும் ஒரே திசையில் போனால் புகார்ப் பட்டியல் படிப்பதுபோல ஆகிவிடும்.

இந்த ஊர் வரியில் பெண்களைக் குத்தி ஒரு துண்டைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. அதை விட்டுவிட்டுச் சொன்னாலும் வரியில் ஒன்றும் குறையவில்லை, கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. விளையாட்டு எழுத்தில் இதை நான் அழுத்திச் சொல்வேன். குழுவில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் நிறம், உடம்பு, சாதி, பேச்சு இவற்றின் மேல் சிரிப்பு விழுந்தால் அவர் அடுத்த வாரம் எழுதமாட்டார், ஏன் என்றும் சொல்லமாட்டார். நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பாருங்கள். ராஜா ஒரு கனமான சொல்லைச் சொன்னால் அவன் அதைத் தப்பாகக் காதில் வாங்கி வேறு அர்த்தத்தில் திருப்பிக் கொடுப்பான். ஊரே சிரிக்கும். சிரிப்பு சொல்லின் மேலும் ராஜாவின் மேலும் விழும், எளியவன் மேல் விழாது. சொல்லைத் தப்பாகக் காதில் வாங்குவது என்ற அந்த உத்தியை எழுதுகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பகிர்ந்துகொள்வதிலும் ஒரு முறை வேண்டும். எழுதியதை எழுதியவுடனே எல்லாருக்கும் அனுப்பினால், முதலில் வந்தது மற்றதையெல்லாம் தன் பக்கம் இழுத்துவிடும். முதல் கதை சோகமாக வந்தால் அடுத்த நாலும் அழும். அதனால் ஒருவர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போட வேண்டும். சொல் கொடுத்தவரே அந்த வாரம் வாங்கி வைப்பவர். அவர் அந்த வாரம் எழுதுவதில்லை, அடுத்த வாரம் சொல் கொடுக்கும் முறை வேறொருவருக்கு.

படித்த பிறகு 'சூப்பர்', கைதட்டுகிற பொம்மை, இவற்றால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'செருப்புகூடப் போடாமல் என்ற இடத்தில் சிரித்தேன்' என்று இடத்தைச் சுட்டிச் சொன்னால் அவருக்கு அடுத்த வாரத்துக்கு வழி தெரியும். ளகரம், ழகரம் தவறியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் வேண்டாம். செல்போனில் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தப் பிழை அதிகம் வரும், அது அவர்கள் தமிழின் குறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பரிசு, முதல் இடம், இரண்டாம் இடம் என்று வைக்காதீர்கள். வைத்தால் போன வாரம் ஜெயித்த மாதிரியே எல்லாரும் எழுத ஆரம்பிப்பார்கள்.

சத்தமாகப் படிப்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த வாக்கியம் வாயில் இடறும், இடறுகிற இடத்தில்தான் வெட்டு வேண்டியிருக்கும். வாய்க்கென்றே ஒரு பழைய விளையாட்டும் இருக்கிறது. உதடு ஒட்டாமல் எழுதுவது. திருக்குறளில் 341வது குறளைச் சொல்லிப் பாருங்கள்: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." எங்கும் உதடு சேராது. பகரமும் மகரமும் வராமல் இரண்டு வரி எழுதுங்கள் என்று ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். அம்மா, அப்பா, மாமா எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அண்ணனும் அக்காளும் தாத்தாவும் மட்டும்தான் மிஞ்சுவார்கள். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். கண்ணாடி முன்னால் நின்று தாங்களே பிழை கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு முதல் வாரத்துச் சொல்லாகத் திரி என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கில் திரி இருக்கிறது, பட்டாசில் திரி இருக்கிறது. வெயிலில் பால் திரிகிறது. வேலை வெட்டி இல்லாமல் ஒருவன் ஊரைச் சுற்றித் திரிகிறான். 50 சொல், இருபது நிமிடம், உருமாறினாலும் பரவாயில்லை. இரண்டு திரியாவது உள்ளே வரட்டும். சனிக்கிழமை இரவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.