கண்ணாடி டம்ளரில் நான்கு தட்டைப்பயறு

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் விதை போட்டுச் செடி வளர்ப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கையில் செடி வாடிச் சாவதைவிட, தண்ணீர் மிஞ்சி அழுகிச் சாவதுதான் அதிகம். இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலைக்கு மண்ணே வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர், கிழிந்த பருத்தித் துணி, நான்கு தட்டைப்பயறு. முழுப் பயறாக, வறுக்காததாக இருக்கட்டும். உடைத்த பருப்பு முளைக்காது. கடையில் விதை வாங்கினால் ஒரு எச்சரிக்கை: ரோஸ் அல்லது பச்சைச் சாயம் ஏறிய விதை பெரும்பாலும் மருந்து தடவியது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பயறை இரவில் 8 மணி நேரம் ஊறப்போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். விதைக்கும் காற்று வேண்டும், தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். துணியை நனைத்து டம்ளரின் உள்பக்கம் ஒட்டிச் சுற்றி, நடுவில் இன்னொரு துணியைக் கசக்கித் திணியுங்கள். அப்போதுதான் பயறு நழுவாது. இனி துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, பாதி உயரத்தில், பயறுகளைச் செருக வேண்டும். நான்கையும் ஒரே மாதிரி வைக்கக்கூடாது. பயறில் ஒரு கண் இருக்கும் பாருங்கள், அது ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே, மற்ற இரண்டில் பக்கவாட்டில். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். அது பயறைத் தொடக்கூடாது. துணி உறிஞ்சிக் கொடுக்கும்.

இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். எந்தப் பக்கம் பார்த்து வைத்திருந்தாலும் நான்கு வேரும் வளைந்து கீழேதான் போகும். பிள்ளை இதை நம்பாது. நம்பவும் வேண்டாம். தண்ணீரை வடித்துவிட்டு டம்ளரை அப்படியே படுக்க வையுங்கள், துணி ஈரமாகவே இருக்கட்டும். மறுநாள் பார்த்தால் வேர் நுனி மட்டும் மறுபடி கீழ்நோக்கி மடங்கியிருக்கும். ஏற்கனவே வளர்ந்த பகுதி அசையாது, வளர்கிற நுனிதான் திரும்பும். மறுபடி நிமிர்த்தினால் மறுபடி வளையும். இரண்டு முறை போதும், பாவம் அதுவும் எத்தனை முறைதான் திரும்பும்!

முளை கழுத்தை வளைத்துக்கொண்டு தோலைத் தூக்கி வரும்போது பிள்ளைகள் உதவி செய்யப்போவார்கள். தோலை உரிக்க விடாதீர்கள், கழுத்து ஒடிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தோல் ஊறித் தானே கழலும். டம்ளர் வெளிச்சத்தில் இருக்கட்டும், நேர் வெயிலில் வேண்டாம். கண்ணாடி சூடேறி முளை வெந்துபோகும்.

அடுத்தது கீரை. அடியில் ஓட்டை போட்ட, ஒரு சாண் ஆழமுள்ள தட்டு. மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. மக்காத சாணம் போட்டால் வேர் கருகும். கீரை விதை கடுகைவிடச் சிறிது, பிள்ளை தூவினால் ஒரே இடத்தில் குவியும். அதனால் ஒரு சிட்டிகை விதையோடு ஒரு கைப்பிடி உலர்ந்த மணலைக் கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிய மண் போர்வை போதும். விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பதுதான் கணக்கு; ஆழமாகப் போனால் மேலே வரச் சத்து போதாது. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். தண்ணீர் ஊற்றிய பேசினில் செங்கல் வைத்து அதன்மேல் தட்டை வையுங்கள்.

தண்ணீரை ஊற்றாதீர்கள், கையால் தெளியுங்கள். தெளிக்கும் முன் விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் அன்று விடுமுறை. மேல்மண் காய்ந்ததாகத் தெரிவதை நம்பவேண்டாம், கோடையில் அது எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் மெலிந்து பொத்தென்று சாய்ந்தால் அது தாகம் அல்ல, அழுகல். சொன்னேன் அல்லவா, மறுபடி தண்ணீர்தான்! முளைத்த பிறகு இரண்டு விரல் இடைவெளி விட்டு நடுவில் உள்ளவற்றைப் பிடுங்க வேண்டும். பிள்ளைகள் மனம் கேட்காது. பிடுங்கியதைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டால் சமாதானமாகிவிடுவார்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சூரியகாந்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அடி ஆழத் தொட்டி, விதை 2 சென்டிமீட்டர் ஆழத்தில், முளைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள். இளம் செடிதான் சூரியனோடு திரும்பும், முற்றிய பூ கிழக்கே பார்த்து நின்றுவிடும். பூவின் முதுகு மஞ்சளானதும் மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விதையெல்லாம் பறவைகளுக்குத்தான். தக்காளிக்கு நேரமில்லை. விதையைச் சுற்றிய வழவழப்பைக் கழுவிவிட்டுப் போடுங்கள், அது முளைப்பைத் தடுக்கும். வணக்கம்.