அம்மி முன்னால் அப்பா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் இல்லாத வீட்டில் இழப்புதான் அதிகம் என்று எதிரணி பேசிவிட்டுப் போயிருக்கிறது. நன்மையே அதிகம் என்பது எங்கள் அணி.

எதிரணித் தங்கை போகிற போக்கில் ஒன்று கேட்டார்: "அம்மி நல்லது என்கிறார்களே, அதில் அரைக்கப்போவது யார், ஆம்பளையா?" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, பதில் சொல்கிறேன். ஆமாம் தங்கச்சி, ஆம்பளைதான். எங்கள் அப்பா.

பேராவூரணிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் 60 மரமும் படுத்துக் கிடக்கின்றன. கரண்ட் கம்பங்களும் போயின. டேங்கில் தண்ணீர் ஏற்ற, தெருத்தெருவாகப் போகும் ஜெனரேட்டருக்குக் காத்துக் கிடந்தோம். திண்ணையில் உட்கார்ந்த அப்பா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

அம்மாவுக்கு ஓடு விழுந்து கையில் கட்டு. மூன்றாம் நாள் அப்பாயி, கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவிவிட்டு மகனைக் கூப்பிட்டார். "உட்காருடா. காய் கொட்டிக் கிடக்கு, அரை."

அம்மி முன்னால் அப்பா! எடுத்த எடுப்பில் தேங்காயை வைத்துக் குழவியை இழுத்தார். சில்லு வாசலுக்குப் பறந்தது. "முதல்ல மிளகாயும் உப்பும்டா. தண்ணியைத் தெளி. அப்புறம்தான் தேங்காய்" என்றார் அப்பாயி. பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் வேலி நெடுக ஆள்! "அண்ணே, ஓரத்தை வழிச்சு விடுங்க" என்று ஒரு குரல். "மாமா, குழவியை அழுத்தாதீங்க, தள்ளுங்க" என்று இன்னொரு குரல். புயலுக்குப் பிறகு எங்கள் தெரு சிரித்தது அன்றைக்குத்தான். சட்டினி நறநறவென்று இருந்தது, ஆனால் சட்டியில் மிச்சமில்லை.

மறுநாளும் அரைத்தார். நடுவர் அவர்களே, அரைக்கும்போது பேச ஆரம்பித்தார். குழவி போய் வர, போய் வர, ஒவ்வொரு மரமாகச் சொன்னார். கிணற்றடி மரம் தாத்தா வைத்தது. வரப்பு முனையில் நின்றது நான் பிறந்த வருஷம் வைத்தது. கண்ணீர் வழிந்தது. கையெல்லாம் மிளகாய், துடைக்க முடியவில்லை. அப்பாயிதான் முந்தானையால் துடைத்துவிட்டார்.

மிக்ஸி ஓடியிருந்தால் அரை நிமிடத்தில் சட்டினி முடிந்திருக்கும். அப்பா திண்ணையிலேயே இருந்திருப்பார்.

கரண்ட் வந்த அன்று அம்மா ஜாரைக் கழுவி எடுத்தார். அப்பா சொன்னார்: "இன்னைக்கும் நானே அரைக்கிறேன்."