சல்பேட் தண்ணீரில் உடையாதா? பிராக்கெட் எதற்கு?

சரி, அடுத்த கேள்வி. "சோடியம் குளோரைடு தண்ணீரில் கரைந்தால் சோடியம் தனி, குளோரைடு தனி என்று பிரிந்துவிடுகிறது, அப்படியானால் சோடியம் சல்பேட்டைக் கரைத்தால் சல்பரும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் போக வேண்டாமா? அப்புறம் சில சல்பேட்டுகளுக்கு மட்டும் ஏன் பிராக்கெட் போடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பிரியாது. சோடியத்துக்கும் சல்பேட்டுக்கும் நடுவில் இருப்பது எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, அயனிப் பிணைப்பு. தண்ணீர் பிரித்துவிடுவது அதைத்தான். ஆனால் சல்பேட்டுக்கு உள்ளே சல்பரும் நான்கு ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு சகப்பிணைப்பில் இருக்கின்றன, வெறுமனே கரைப்பதால் அது விடாது. அதனால் கரைசலில் இரண்டு சோடியம் அயனி, ஒரே ஒரு சல்பேட் அயனி, அவ்வளவுதான் (அயனி என்றால் மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டம்). சந்தேகம் இருந்தால் அந்தக் கரைசலில் பேரியம் குளோரைடு கரைசலை ஊற்றிப் பாருங்கள், வெள்ளையாக பேரியம் சல்பேட் வீழ்படிவு, அதாவது கரையாத திடப்பொருள், வரும். சல்பேட் முழுசாக அங்கே இருந்ததால்தான் பேரியத்தோடு அப்படியே சேர முடிகிறது.

இப்போது சல்பேட்டின் மின்சுமையாக எழுதுகிற அந்த மைனஸ் 2. இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் எழுதும்போது அது கடைசி ஆக்சிஜனின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, பார்த்தால் அந்த ஆக்சிஜனுக்கு மட்டும் உரியது மாதிரி இருக்கும். இல்லை, மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். எண்ணிப் பாருங்கள்: சல்பரில் 16 புரோட்டான், ஆக்சிஜன் ஒன்றுக்கு 8 வீதம் நான்குக்கு 32, மொத்தம் 48. எலக்ட்ரான்கள் 50. இரண்டு அதிகம், அதனால் மைனஸ் 2. அம்மோனியத்தில் (ஒரு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன்) கதை தலைகீழ், புரோட்டான் 11, எலக்ட்ரான் 10, ஆகவே பிளஸ் 1. இதே கணக்கு புரிந்தால் சல்பர் ட்ரை ஆக்சைடும் சல்பைட்டும் ஏன் வேறு வேறு என்பதும் புரிந்துவிடும்: இரண்டிலும் ஒரு சல்பர், மூன்று ஆக்சிஜன்தான், ஆனால் சல்பைட்டில் இரண்டு எலக்ட்ரான் கூடுதல், மற்றதில் மின்சுமையே கிடையாது.

பிராக்கெட்டுக்கு வருவோம். அலுமினியம் பிளஸ் 3, சல்பேட் மைனஸ் 2. சமமாக வேண்டுமென்றால் இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட், இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6. பிராக்கெட் இல்லாமல் ஏஎல்2 எஸ்ஓ4, பக்கத்திலேயே 3 என்று எழுதினால் ஆக்சிஜன் 43 என்று ஆகிவிடும்! பிராக்கெட் போட்டு வெளியே 3 எழுதினால் முழு சல்பேட்டும் மூன்று, ஆக்சிஜன் 12. சோடியம் சல்பேட்டில் சல்பேட் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் அங்கே பிராக்கெட் தேவையில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பல்லணு அயனி (சல்பேட் மாதிரி பல அணுக்கள் சேர்ந்த அயனி) உடையவே உடையாது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். கார்பனேட்டில் அமிலம் விட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வருகிறதே, அங்கே உடைவது அந்த அயனிதான். நான் சொன்னது கரைவதைப் பற்றி மட்டும்.

கால்சியம் பாஸ்பேட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். கால்சியம் பிளஸ் 2, பாஸ்பேட் மைனஸ் 3, ஒரு பாஸ்பேட்டில் ஆக்சிஜன் நான்கு. மொத்த ஆக்சிஜன் 8 வந்தால் சரி.