2147483647 பகா எண்ணுன்னு ஆய்லர் எப்படிக் கண்டுபிடிச்சாரு?

ஒரு மாணவி கேட்டு அனுப்பியிருக்காங்க: "சார், 2-இன் 31-ஆம் அடுக்குல 1-ஐக் கழிச்சா வர்ற 2147483647 பகா எண்ணுன்னு 1772-லயே ஆய்லர் நிரூபிச்சிட்டாருன்னு சொன்னீங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எல்லா எண்ணாலயும் வகுத்தா பார்த்தாரு?"

அருமையான கேள்விம்மா. எதாலெல்லாம் வகுக்கவே வேண்டாம்னு முதல்ல கண்டுபிடிச்சாரு. வித்தையே அதுலதான் இருக்கு.

இதோட வர்க்கமூலம் 46340-ஐ ஒட்டி வரும், அதுக்கு மேல போக வேண்டியதில்ல. ஆனா அதுக்குள்ளயே பகா எண்கள் 4,700-க்கு மேல இருக்கு. இப்ப சின்ன எண்ணுக்கு வாங்க. 2-இன் 11-ஆம் அடுக்கு 2048, ஒண்ணு கழிச்சா 2047. இது 23 பெருக்கல் 89. நோட்டுல 2-ஐ எழுதி இரட்டிச்சுக்கிட்டே போங்க, 23-ஐத் தாண்டினா 23-ஐக் கழிச்சிடுங்க. 2, 4, 8, 16, அடுத்து 32-ல 23 போக 9, அப்புறம் 18, 13, 3, 6, 12, கடைசியா 24-ல 23 போக 1. எண்ணுங்க, சரியா 11 படி. வகுக்கிற பகா எண்ணுல ஒண்ணு குறைச்ச அளவு படியில, அதாவது இங்க 23-ல ஒண்ணு குறைச்ச 22 படியில, கண்டிப்பா 1 வந்தாகணும்னு ஃபெர்மா தேற்றம் சொல்லுது. அப்போ 11 படிச் சுற்று 22-க்குள்ள மிச்சமில்லாம அடங்கணும். அடங்குது பாருங்க, ரெண்டு சுற்று!

நம்ம பெரிய எண்ணுக்கும் இதே கதைதான். அதுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தா, அதால 2-இன் 31-ஆம் அடுக்கை வகுத்தா மீதி 1 வரும், அதனால சுற்று 31 படி. 31 பகா எண், அதனால சுற்று இன்னும் சின்னதாக வழியில்ல. வகுத்தில ஒண்ணு குறைச்சா அது 31-ஆல வகுபடணும். வகுத்தி ஒற்றைப்படை, ஒண்ணு குறைச்சா இரட்டைப்படை, ஆக 62-ஆல வகுபடணும். 63, 125, 187, 249, 311, 373... இந்த வரிசையைத் தவிர வேற எதுவும் வேண்டாம்!

இன்னொரு சல்லடையும் இருக்கு: வகுத்தியை 8-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 7 தான் வரும். காரணம் சொல்ல வர்க்க மீதிகள் வேணும், அதைத் தனியா எடுக்கிறேன். இதுல 373 போயிடுது, மீதி 5. முதல்ல மாட்டுற பகா எண் 311. வகுத்தா மீதி 35, அதுவும் போச்சு. இப்படிச் சலிச்சா, வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் மொத்தமே நூத்துக்கும் குறைவு. அந்தச் சமயத்துல ஆய்லருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சு. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்க்குது.

நீங்களே 8191-ஐ எடுங்க, 2-இன் 13-ஆம் அடுக்குல 1 குறைவு. வர்க்கமூலம் 90 சொச்சம். 26-இன் மடங்கோட ஒண்ணு கூட்டினா 27, 53, 79. 27 பகா எண்ணே இல்ல. 53-ஐ 8-ஆல வகுத்தா மீதி 5, வேண்டாம். மிஞ்சுறது 79 மட்டும். வகுத்துப் பாருங்க, மீதி 54. ஒரே ஒரு வகுத்தல்ல 8191 பகா எண்ணுன்னு நிரூபிச்சிட்டீங்க.